இரண்டு பேர் சொன்னால்

எங்கள் வீட்டில் டிவியைப் பார்ப்பதற்காகப் போடுவதில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவோம். என்ன ஓடுகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் நாங்கள் இருப்பது ஒரே காம்பவுண்டுக்குள் உள்ள வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைக்க எழுந்து போவாள். அப்படிப்பட்ட சுவர். அதைத் தாண்டித் தருணின் குரல் போகக் கூடாது என்றுதான் டிவி.

தருண் என் தம்பி மகன் முருகேசனின் பையன், ஒன்பது வயது. அவனுக்கு மூத்தவள் சௌமியா, பன்னிரண்டு. முருகேசனும் அவன் மனைவி ஜோதியும் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, அரூர்ப் பக்கம் தனியாக இருந்த என்னை அழைத்து வந்தார்கள். அப்பன் கூப்பிடுவதைக் கேட்டுப் பிள்ளைகளும் என்னை அத்தை என்றே கூப்பிடுகின்றன. காம்பவுண்டுக்கு நான் அஜ்ஜி, அதாவது பாட்டி. ஐந்தாவதோடு நின்றவள். ஊரிலேயே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இங்கே கன்னடம் வேறு. தலையை ஆட்டியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

தருணுக்கு முதலில் கண் சிமிட்டல் வந்தது. பிறகு கழுத்தை வெட்டினான், தோளைக் குலுக்கினான். அப்புறம் ஒரு கன்னட வார்த்தை. தெருவில் எங்கேயோ கேட்டது அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. சோறு தின்னும்போது, தெருவில் நடக்கும்போது, திடீர் திடீரென்று தெறிக்கும். எனக்கு அர்த்தம் தெரியாது. ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று சிரித்துக்கூட இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இதற்கு டூரெட் என்று பெயர் சொன்னார்கள், பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை என்றும் சொன்னார்கள். நாங்கள் வெளியே மூச்சு விடவில்லை. குடும்பத்தில் நோய் என்று தெரிந்தால் நாளைக்குச் சௌமியாவை யார் கட்டுவார்கள் என்று ஜோதிக்குப் பயம்.

ஒரு நாள் குழாயடியில் வீட்டுக்காரம்மா என்னை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். “அஜ்ஜி, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா? பெத்த தாய சேத்து திட்டறது. பையன் சொல்றான், கூட நின்னு பொண்ணும் சொல்றா. காயிலேன்னா, சீக்குன்னா, டாக்டர் எங்கிட்ட சொல்லட்டும், இருங்க. இல்லாட்டி அடுத்த மாசம் மனெ காலி மாடி, வீட்ட விட்டுடுங்க.” குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

பையனுக்கு நோய், சரி. இவளுக்கு என்ன? உள்ளே வந்ததும் சௌமியாவின் தொடையைப் பிடித்துத் திருகினேன். “பொட்டப் புள்ள வாயில வர்ற வார்த்தையாடி அது?” அவள் காலை இழுத்துக்கொண்டாள். திருகின இடத்தைத் தேய்த்துக்கொண்டே டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர், இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, கூடப் பிறந்தவர்களையும் பார்ப்பார்கள், இஷ்டமிருந்தால் வாருங்கள் என்றார். “அவள எதுக்குத்தே? அவ நல்லாத்தானே இருக்கா?” என்று ஜோதி என்னிடம் முணுமுணுத்தாள். ஆனாலும் போனோம். வீட்டுக்காரம்மாவிடம் பேச அங்கே யாராவது கிடைப்பார்கள் என்று ஆசை.

போகிற அன்று காலையில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். தருணுக்குத் தலைவாரி, பவுடர் பூசி, நல்ல சட்டை போட்டு, “டாக்டருங்க முன்னால ஒரு சத்தம் வரக்கூடாது. மானத்த வாங்கிடாத சாமி” என்று சொல்லிக் கூட்டிப்போனேன். நோயைக் காட்டப் போகிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய மனிதர்கள் முன்னால் பிள்ளை பிள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயது மேடம். கன்னடக்காரி, தமிழும் கொஞ்சம் வந்தது. அவள் முதலில் சௌமியாவைப் பார்த்து, “உனக்கு இஷ்டமா? வேணாம்னாலும் பரவால்ல” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். என் இஷ்டத்தை ஒருவரும் கேட்கவில்லை. சௌமியா அம்மாவைப் பார்க்காமலே “சரி மேடம்” என்றாள்.

தருண் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சத்தம் இல்லை. கண்ணில் நீர் கோத்து நின்றது. ஜோதிக்கு அழுகை வந்துவிட்டது. “நிஜமாத்தான் மேடம், வீட்டுல ஓயாம வரும்.” மேடம் அவசரப்படவில்லை. “வீட்டுல எப்படி வரும், நீ காட்டறியா?” என்று சௌமியாவைக் கேட்டாள்.

சௌமியா காட்டினாள். அதே சிமிட்டல், அதே கழுத்து வெட்டு, அதே தோள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்து நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன்.

“அஜ்ஜி, கைய எடுங்க” என்றாள் மேடம். எடுத்தேன். அவள் சௌமியாவிடம், “ரோட்டுல அவன் அத சொன்னா நீ என்ன பண்ணுவே?” என்றாள்.

“நானும் கூடவே சொல்லுவேன் மேடம். அவன் மட்டும் சொன்னா அடிக்க வர்றாங்க. ரெண்டு பேரு சொன்னா வெளையாட்டுன்னு நெனச்சுக்குவாங்க.”

தருண் என்னைக் காட்டி, “அத்ததான் சத்தமே வரக்கூடாதுன்னுச்சு” என்றான். அதோடு அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வெடித்து வந்தது, அந்த வார்த்தையும்தான். மேடம் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாயைப் பொத்தின கை, தொடையைத் திருகின கை. புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

ஜோதி கேட்டுக்கொண்டதால் அந்த மேடமே வீட்டுக்காரம்மாவிடம் போனில் பேசினாள். வீடு நிலைத்தது. இப்போதும் தருண் கடந்து போனால் வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்துகிறாள், ஆனால் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் அரூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் தருணுக்கு அந்த வார்த்தை தெறித்தது. ஒருவர்கூடத் திரும்பவில்லை. எதிர் வரிசையில் இருந்த பெரியவர் மட்டும், “பரவால்லியே, பையன் கன்னடம் நல்லா பேசுறானே” என்று மெச்சினார். சௌமியா என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அர்த்தம் தெரியாத ஊரிலும் எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டதே.

திரும்பி வரும்போது ஓசூர் வரைக்கும் பஸ்ஸில் அவன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். அது வெறும் சத்தம். எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிக் கன்னடக்கார ஆட்கள் ஏறினார்கள். அதே பிள்ளை, அதே வார்த்தை. முன் சீட்டுக்காரர் சட்டென்று எழுந்து திரும்பினார். கூடச் சொல்வதற்குச் சௌமியா வாயைத் திறந்துவிட்டாள். நான் அவள் தொடைமேல் கை வைத்தேன். அவள் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். கையை எடுக்காமல், அவனுக்குச் சீக்கு என்று பல நாள் மனதுக்குள் கன்னடத்தில் சொல்லிப் பார்த்ததை அந்த ஆளிடம் சொன்னேன்: “அவனிகெ காயிலே.” அவர் சீட்டைத் தாண்டிக் கேட்டிருக்காது, அத்தனை சின்னக் குரல். அவர் என்னையும் தருணையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சௌமியா திறந்த வாயை மூடிக்கொண்டாள். பெங்களூருக்கு வந்து நான் வாய் திறந்து சொன்ன முதல் கன்னடம் அதுதான். அரூரில் அதற்கு வேலையில்லை. இங்கே அதை விட்டால் எனக்கு வேறு பேச்சில்லை.