பட்டுச்சு சார்

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் இன்னொரு வேலையும் உண்டு. பெண்கள் லீக் அணி ஒன்றுக்காகக் கல்லூரி மேட்ச்களைப் பார்த்து, யார் தேறுவார்கள் என்று எழுதிக் கொடுப்பேன். கல்லூரியில் நானும் கீப்பராக நின்றவள் என்பதால் விக்கெட் கீப்பர்களை என் தலையில் கட்டிவிட்டார்கள். என் வலது சுண்டுவிரல் இன்றும் கோணல்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆகாதவர்களை ஆகாது என்றே எழுதிவிடுவேன்.

போன வருடம் காரைக்காலில் ஒரு மேட்ச். நெரவியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் இறுதியாண்டு மாணவிதான் கீப்பர். அணிக்காரர்களுக்கு ஏற்கெனவே அவள் மேல் ஒரு கண். "கை எப்படின்னு பாருங்க. நீங்க சரின்னு சொன்னா எடுத்துக்குவோம்" என்றிருந்தார்கள்.

சுழல் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்றாள். பந்தின் மேல் பாயவில்லை. வரவிட்டு, அலட்டாமல் வாங்கினாள். எனக்கு வாயெல்லாம் பல். கொஞ்சம் பொறாமையும்தான், அந்த வயதில் என் கையில் பட்டுத் தெறித்த பந்துகள் எத்தனையோ.

பிறகு ஒரு கேட்ச். பேட்டில் உரசியதா இல்லையா என்று அம்பயருக்குச் சந்தேகம். நம் ஊர் மைதானங்களில் இதற்கு ஒரே சாட்சி சத்தம்தான். "சத்தம் கேட்டுச்சு சார்!" என்று சுற்றி நின்றவர்கள் எல்லாம் கத்தினார்கள். அவள் மட்டும், "பட்டுச்சு சார்" என்றாள். அவுட் கொடுத்தார். அடுத்த கேட்சுக்கும் அதே கதை. மற்றவர்கள் கேட்டதைச் சொன்னார்கள்; அவள் பட்டதை மட்டும் சொன்னாள். எனக்குப் பொறி தட்டியது.

சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் போய் நின்று, "ஏம்மா, கொஞ்சம் இங்க பாரு" என்றேன். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்திலிருந்தவள் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பிச் சிரித்தாள். "ஒண்ணுமில்லம்மா, சாப்பிடு" என்று நகர்ந்துவிட்டேன்.

நான் நிரப்ப வேண்டிய படிவத்தின் கடைசியில் ஒரு வரி உண்டு: உடலில் குறை ஏதும் தெரிந்தால் குறிப்பிடவும். எழுதினால் அவளைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். எழுதாவிட்டால், பின்னால் தெரியவரும்போது மறைத்துவிட்டாள் என்று அவளைத்தான் சொல்வார்கள். மதியம் மேட்ச் பார்த்தேன் என்றுதான் பெயர். இவ்வளவு அழகாகப் பிடிக்கிறவளை நானா கவிழ்க்க வேண்டும் என்று எல்லோர் மேலும் எரிச்சல், அவள் மேலும்தான்.

மேட்ச் முடிந்ததும் அவளுக்கு நேர் எதிரே போய் நின்றேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"உனக்குக் காது கேக்காதாம்மா?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடது காது சுத்தமா கேக்காதுங்க மேடம். வலது கொஞ்சம் மந்தம். சின்னதுலேருந்தே அப்படித்தான்."

"அப்ப கேட்செல்லாம்?"

"பேட்ல பட்டா பந்து லேசா வழி மாறும்ல மேடம், அதைப் பார்த்துத்தான் சொல்லுவேன். கேட்டுச்சுன்னு சொன்னா பொய்யாயிடும்."

"எங்க டீம்காரங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க அனுப்புன மொத ஃபாரத்துலயே எழுதிட்டேங்க. அவங்க டாக்டரும் பார்த்துட்டு, ஆடலாம்னு சொல்லிட்டாரு."

அப்பாடா! அப்படியே பவுண்டரி கோட்டில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? மத்தியானத்துலேருந்து செத்துப் பொழைச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காதைப் பத்தி நான் எழுதிட்டேன் மேடம். கையைப் பத்தி நீங்கதானே எழுதணும்?"

அங்கேயே படிவத்தை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். கைகளுக்கென்று விட்டிருந்த இடம் போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கமும் எழுதினேன்.