முகத்துவாரத்துக் கம்பு

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஓர் ஆற்று முகத்துவாரத்தில், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கம்பு ஒன்றை நட்டேன். கடலை அளக்கத்தான். தினமும் நீர்மட்டமும் நீரின் சூடும் எழுத வேண்டும். பருவமழையோடு கடல் எப்படி மாறுகிறது, மத்தி மீன் ஏன் ஒரு வருஷம் குவிந்து மறு வருஷம் காணாமல் போகிறது என்பது என் ஆராய்ச்சி. என் வேலை நிரந்தரமாவதும் அந்த அளவுகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து ஊரே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த காலம். கரையோர வயல் மிராசுதாருடையது. மீனவர்கள் கருவாடு காயவைக்கும் மணல்வெளி புறம்போக்கு. எல்லை எங்கே என்பதில்தான் தகராறு. நான் சரியாக அங்கே போய்க் கம்பு நட்டிருந்தேன். மேல்படிப்பு வேறு படித்தவன்.

மிராசுதாரின் காரியஸ்தர் இளநீரோடு வந்தார்.

"சர்வே முடிஞ்சுதுங்களா?"

"சர்வே இல்லீங்க. கடலோட ஏற்ற இறக்கம் பாக்குறோம்."

"சரிங்க, சரிங்க. வெளியில அப்படித்தான் சொல்லணும்."

கருவாடு காயவைக்கும் அம்மாளிடமும் அதையே சொன்னேன். "கடலை அளந்து யாருக்கு சார் பட்டா குடுக்கப் போறீங்க?" என்றாள்.

ஐப்பசியில் திடீரென்று கடல் ஓர் அடி இறங்கியது. பிறகு ஏறியது. மறுபடி இறங்கியது. மெட்ராஸில் மேலதிகாரி பூரித்துப்போனார். நான் கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன். ஆனால் கரையில் கிடந்த படகை அலை எப்போதும்போல் அதே இடத்தில்தான் தொட்டது. சந்தேகப்பட்டுக் கம்பின் அடியைப் பார்த்தேன். மண் புதிது. மேட்டில் ஒரு பழைய குழி, பள்ளத்தில் ஒன்று.

எல்லைக்கல் நகர்த்திப் பழகிய கைகள். மீனவர்கள் வயல் பக்கம் மேட்டில் நட்டால் என் கணக்கில் கடல் வற்றியது. மிராசுதாரின் ஆட்கள் தண்ணீர்ப் பக்கம் இறக்கினால் பொங்கியது.

அந்த அம்மாளிடம் கேட்டேன். "நாங்க ஏன் சார் தொடப்போறோம்? அவங்க நகத்துனாங்க, நாங்க பழைய இடத்துல வச்சோம்." காரியஸ்தரும் வார்த்தை மாறாமல் இதையே சொன்னார். பழைய இடம் எதுவென்று எனக்கே நிச்சயமில்லை.

அந்தப் பருவத்து அளவுகள் அத்தனையையும் செல்லாதென்று அடித்தேன். கம்பைப் பிடுங்கிவிட்டுப் பாலத்துத் தூணில் கோடு வரைந்தேன். பிடுங்குவதை இரு தரப்பும் நின்று பார்த்தது. மறுநாளிலிருந்து அந்த அம்மாள் எனக்கு மீன் தரவில்லை. "மிராசு வீட்ல விருந்து வைப்பாங்களே சார்" என்றாள். காரியஸ்தர் என்னைக் கண்டால் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

மேலதிகாரிக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். என்னை இன்னொரு வருஷம் தற்காலிகமாகவே வைத்திருப்பதாகப் பதில் வந்தது. கடைசி வரியில், அந்த ஊரில் எனக்குச் சொந்தமாக நிலம் ஏதும் உண்டா என்று விசாரித்திருந்தார்.