பச்சைக் குளமும் கீன்வா நுரையும்

எவுலோகியாவுக்கு எதிலும் அவசரம். பொலிவிய மேட்டுநிலத்தில் ஊர்ச்சபை ட்ரவுட் மீன் குளத்தை அவளிடம் ஒப்படைத்த அன்றே, நாத்தனார் தொமாசா சிரித்தாள். கிழங்கு வேகுமுன் பானையை இறக்குகிறவள் கையில் குளமா என்று கேட்டாள். அவள் நாக்கு அப்படி. ஆனால் கணவன் இறந்த பிறகு எவுலோகியா ஊரில் நிமிர்ந்து நடந்தது அந்தக் குளத்தால்தான்.

இந்த வருடம் கந்தெலாரியா மாதா திருவிழா விருந்தும் அவள் முறை. ஊருக்கே குளத்து மீன் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். மழை தொடங்கியது. ஆட்டுப் புழுக்கையெல்லாம் கரைந்து ஓடிவந்து சேர்ந்து, பாசி படர்ந்து, தண்ணீர் கீரைக் கடைசலாகப் பச்சை பிடித்தது. விடியற்காலையில் மீன்கள் மூச்சுக்குத் திணறி மேலே வந்து வாயைப் பிளந்தன.

பார்லி வைக்கோலை வெங்காய வலைப்பைகளில் திணித்து மிதக்கவிட்டாள். வைக்கோல் ஊறி மக்கினால் அதன் சாறு பாசியைத் தழைக்க விடாது. ஆனால் அந்தக் குளிரில் மக்குவது லேசா? தினமும் போய்ப் பார்த்தாள். பச்சை பச்சையாகவே இருந்தது.

திருவிழா நெருங்கியது. விருந்துக்கான கீன்வா தானியத்தைக் கழுவினாள். கசப்பும் நுரையுமான முதல் தண்ணீர் வீணாக நின்றது. ஆட்டுப் பேனைக் கொல்லும் தண்ணீர் அது. தண்ணீர்த் தொட்டியின் பாசியை அதை ஊற்றித்தான் தேய்ப்பார்கள். தொட்டிக்கு ஆவது குளத்துக்கு ஆகாதா என்று வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றினாள். பாவி மகளே, தொட்டியில் மீனா இருக்கிறது!

மறுநாள் மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பாசி மட்டும் அப்படியே இருந்தது.

அவள் ஊற்றியதை யாரும் பார்க்கவில்லை. பாசிமேல் பழி போட்டிருக்கலாம். ஊரே அதைத்தான் பேசியது. சபை கூடியபோது எவுலோகியா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பாசியால இல்ல. கீன்வா தண்ணிய நான்தான் ஊத்தினேன். குளத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

திருவிழாவில் மீன் இல்லாமல் போனது அவளால்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். குளத்தை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஊர்த்தலைவர் பெர்மின் கேட்டார். தொமாசா எழுந்தாள். எவுலோகியா பல்லைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். தொமாசா சொன்னாள்:

"வேற எவனுக்குக் குடுத்தாலும் என்னிக்காவது அவசரப்பட்டு அந்தத் தண்ணிய ஊத்துவான். இந்த ஊர்ல இனி செத்தாலும் அத ஊத்தாதவ எங்க அண்ணி ஒருத்திதான். குளம் அவகிட்டயே இருக்கட்டும்."

எவுலோகியா அப்போதுதான் அழுதாள்.