மாடி அறையின் நடுவே இரண்டு டன்

லாரி எடை மேடையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டுக் கிழிக்கும் அந்த மனிதருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ‘கறார்’. “அண்ணே, ரெண்டே மூட்டைதானே கூட இருக்கு!” என்று யார் கெஞ்சினாலும் மசியமாட்டார். கூடுதல் பாரத்தை இறக்கினால்தான் வண்டி நகரும். அப்பேர்ப்பட்ட ஆள் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

கால் முறிந்த அக்காவை அழைத்து வந்து, மாவுக்கட்டோடு கீழ் அறையில் படுக்க வைத்திருந்தார். அது அவரும் மனைவியும் புழங்கிய அறை. மாடி அறைக்கு டைல்ஸ் போட்டுவிட்டால் தாங்கள் மேலே போய்விடலாம் என்பது திட்டம். கொத்தனாரைக் கூப்பிட மனசு வரவில்லை. மொபைலில் நாலு வீடியோ பார்த்த தெம்பில், “இதென்ன பெரிய வித்தையா?” என்று லீவு போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

முதல் வரிசையைச் சுவரோரம் நூல் பிடித்துப் போட வேண்டுமாம். சுவரோரமெல்லாம் காலியாக இருக்கட்டும் என்று, சரக்கு கொண்டுவந்த ஆட்களிடம் எல்லாவற்றையும் அறை நடுவிலேயே அடுக்கச் சொன்னார். அவர்களும் மறுபேச்சு பேசாமல் அடுக்கிவிட்டுப் போனார்கள்.

பதினோரு மணி இருக்கும். மண்டியிட்டு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது தரைக்கடியில் ‘டக்’ என்றது. ஜன்னலாக இருக்கும் என்று நினைத்தார். மறுபடி ‘டக்’. இந்தத் தடவை முழங்காலிலேயே அதிர்வு தெரிந்தது.

அப்போதுதான் குவியலை நிமிர்ந்து பார்த்தார். பழகிய புத்தி தானாகக் கூட்டியது. மணல் நாற்பது மூட்டை, மூட்டைக்கு முப்பது கிலோ. சிமெண்ட் ஆறு, ஐம்பது ஐம்பதாக. டைல்ஸ் பெட்டி இருபது, இருபத்தெட்டு வீதம். ஆக மொத்தம் இரண்டாயிரத்து அறுபது கிலோ. அதற்கு நேர் கீழே அக்காவின் கட்டில்.

எழுந்து நிற்கவே பயமாக இருந்தது. அவர் எடையே எழுபத்து நான்கு. சுவரை ஒட்டி ஒட்டி நகர்ந்து படியை அடைந்து, இறங்கி ஓடினார். கீழ் அறைக் கூரையில் மின்விசிறியிலிருந்து ஜன்னல் வரை விரிசல். போர்வையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

“அக்கா, கொஞ்ச நேரம் முன்னறைல படுக்கலாமா? காத்தோட்டமா இருக்கும்.”

“அண்ணிய அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?” என்று வந்து நின்றாள் மனைவி.

“கேள்வி கேக்காத! மெத்தைய அந்தப் பக்கம் பிடி!”

மெத்தையோடு தூக்கினார்கள். வாசற்படியில் மெத்தை சிக்கிக்கொண்டது. சாய்த்து இழுத்து எப்படியோ வெளியே வந்துவிட்டார்கள். முன்னறையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, உள்ளங்கை அகலத்துக்குக் கூரைப் பூச்சு பெயர்ந்து வெறும் கட்டிலில் விழுந்தது. தலையணை இருந்த இடம்.

மனைவி வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த மேலே ஏறினார். ஒவ்வொரு மூட்டையாகச் சுவரோரத்துக்கு இழுத்து, இன்னும் கிரில் போடாத ஜன்னல் வழியாகக் கொல்லையில் தள்ளினார். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய்ப் போய் வந்தது. பத்தாவது மூட்டைக்கு மேல் ‘டக்’ சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் கடைசிப் பெட்டி வரை அவர் நிறுத்தவில்லை.

சாயங்காலம் கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். “கம்பி தாங்கிடுச்சு சார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா சொல்றதுக்கில்ல.”

அக்கா பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார் கறார். “நல்லவேளைக்கா, சத்தம் காதுல விழுந்துச்சு.”

“காலைலேருந்தே கேட்டுச்சுப்பா. ரெண்டு தடவை மூஞ்சில மண்ணு கூட விழுந்துச்சு.”

“ஏன்க்கா சொல்லல?”

அக்கா போர்வை நுனியைத் திருகினாள். “உங்க ரூமைப் பிடுங்கிக்கிட்டுப் படுத்திருக்கேன். அதுலயும் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?”

பகல் முழுக்கக் கூரைக்குப் பயந்தவருக்கு இப்போதுதான் உடம்பு நடுங்கியது. வந்த இருபது நாளில் இவள் இன்னும் எதையெல்லாம் விழுங்கிக்கொண்டு படுத்திருந்தாளோ?

“கால் வலிக்குதாக்கா?”

“இல்லப்பா” என்றாள் உடனே.

அவர் நம்பவில்லை.