இரண்டு பிள்ளைக்கான பால்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தென்காசியில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு மருமக்கள். மூத்தவள் நான். இளையவள் என் கொழுந்தனின் மனைவி. எனக்கு மகன் பிறந்த மறுமாதமே அவளுக்கு மகள் பிறந்தாள். அவளுக்குத் தாய் இல்லை என்பதால் பேறுகாலம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. கொழுந்தன் பட்டாளத்தில் இருந்தான். மகள் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

பிள்ளை பெற்று எழுந்து நடமாடத் தொடங்கிய சமயத்தில் அவளுக்கு டைபாய்டு வந்தது. உடம்பு எலும்பாகிப் பால் முழுதாக வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்துப் பார்த்தோம். குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. ஒருநாள் மத்தியானம் என் மாமியார் அதைத் தூக்கிவந்து என் மடியில் போட்டார். என் மகன் ஒருபக்கம் குடித்துக்கொண்டிருந்தான். மறுபக்கத்தை அந்தக் குழந்தைக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பிள்ளை.

இரண்டு பிள்ளைக்குப் பால் வேண்டுமே என்று அத்தை என்னை விடாமல் ஊட்டினார். காலையில் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, அதன்மேல் கருப்பட்டி. மத்தியானம் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் குவித்த சோறு. சாயங்காலம் மறுபடி களி. போதும் என்றால், பட்டாளத்தில் இருக்கிறவன் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்று கேட்பார். அதற்குமேல் நான் வாயைத் திறக்க முடியாது.

ஏற்கெனவே நான் பருத்த உடம்புக்காரி. வைகாசிக்குள் ரவிக்கை ஒன்றும் போட முடியவில்லை. அதுகூடப் பெரிதில்லை. கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. கால் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் பயந்து, வண்டி கட்டி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். உடம்பு இப்படியே ஏறினால் இருதயம் தாங்காது, எடை குறைந்தே தீர வேண்டும் என்றார். இரண்டு குழந்தைகள் குடிக்கின்றன என்று சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டினி கிடக்கவே கூடாது, கிடந்தால் பால் போய்விடும். எண்ணெயையும் கருப்பட்டியையும் விடு, சோற்றைப் பாதியாக்கு, கீரையும் பருப்பும் மீனும் மோரும் நிறையச் சேர், தண்ணீர் குடி, தினமும் நட, மெதுவாகக் குறையட்டும் என்றார். அவர் சொன்ன இரண்டு பேச்சில், வண்டியில் திரும்பும்போது என் காதில் அதிகம் ஒலித்தது இருதயம் தாங்காது என்பதுதான்.

அதனால் டாக்டரம்மா சொன்னதற்கு மேலேயே குறைத்தேன். களியைத் தொடவில்லை. சோறு ஒரு கைப்பிடி, முருங்கைக்கீரை, மோர். சாயங்காலம் தென்னந்தோப்புக்குள் வியர்க்க வியர்க்க நடந்தேன். அத்தை வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். அவர் என்னைப் பார்ப்பார், தட்டைப் பார்ப்பார், எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

ஆனி பிறந்து சாரல் கட்டியிருந்த ஒரு பிற்பகல். குற்றாலத்து மலையே தெரியவில்லை. என் மகன் குடித்துவிட்டு நிறையாமல் சிணுங்கினான். இளையவளின் மகளைப் போட்டேன். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, வாயை எடுத்துக்கொண்டு அலறினாள். பக்கம் மாற்றினேன். அங்கேயும் ஒன்றுமில்லை. அழுத்திப் பார்த்தேன், இரண்டு சொட்டு வந்தது. இரண்டு குழந்தைகளும் சேர்ந்து கத்தின.

அடுத்த அறையில்தான் இளையவள் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்டு வாரக்கணக்கில் ஆகியும் எழுந்து நடக்கத் தெம்பு வரவில்லை. அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றாள். தலைமுடி கொட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

“எம் பிள்ளைக்குப் பால் இல்லாம ஆக்கத்தான் பட்டினி கெடக்கியளாக்கா?” என்று கேட்டாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதனால்தான் அது அப்படி உள்ளே போயிற்று. என் பிள்ளையும்தானே பசியில் கத்துகிறான் என்று சொல்லியிருக்கலாம். என் இருதயத்தைப்பற்றிச் சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சொன்னதை அவளிடம் யாருமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படுக்கையில் கிடக்கிறவளுக்கு எதற்கு என்று விட்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டதெல்லாம் தன் மகளின் அழுகையும், நான் திருப்பி அனுப்பிய தட்டின் சத்தமும்தான்.

அத்தை ஓடிவந்தார். ஒரு வட்டிலில் களியை வைத்து என் முன்னால் தள்ளினார். “ஏட்டி, தின்னு. ஒனக்கு ஒண்ணும் ஆவாது,” என்றார். நான் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். தின்றதும் நெஞ்சுக்குள் அடைக்கிற மாதிரி இருந்தது. எது களியினால், எது பயத்தினால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் நானே வண்டி கட்டச் சொன்னேன். டாக்டரம்மா கோபப்பட்டார். குறை என்றால் நிறுத்து என்று அர்த்தமா, பசித்தால் சாப்பிடு, குழந்தைகளை அடிக்கடி போடு, பால் திரும்பும் என்றார். பிறகு அவராகவே கேட்டார்: அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டு எத்தனை நாளாயிற்று, அவள் ஏன் தன் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை? வற்றிவிட்டது என்றேன். குழந்தை சப்பினால் திரும்ப ஊறலாம், இனிப் பயமில்லை, போட்டுப் பார்க்கச் சொல் என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்குவதை, கால் வீக்கத்தை, குழல் வைத்துக் கேட்டதை. அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். கடைசியில் எழுந்து உட்கார்ந்து, பிள்ளையைத் தரும்படி கையை நீட்டினாள்.

அத்தை விடவில்லை. காய்ச்சல்காரி பால் விஷம் என்று குறுக்கே நின்றார். அவருக்கு உண்மையாகவே பயம். டாக்டரம்மா சொன்னாலும் அந்தப் பயம் போகவில்லை. என் வீட்டுக்காரர் வந்து அவரைப் பேசிப் பேசி அடுப்படிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது.

குழந்தை தாயின் மார்பில் வாய் வைத்தது, ஒன்றும் வராததைக் கண்டது, முதுகை வளைத்துக்கொண்டு கத்தியது. என்னைத் தேடித் தலையைத் திருப்பியது. அதைப் பார்த்து அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நான் பிள்ளையை வாங்கிக்கொள்ளப் போனபோது அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“ஒங்க பாலைச் சங்குல பீச்சித் தாங்க. இவ சப்புத நேரத்துல ஒதட்டோரமா சொட்டுச் சொட்டா விடுவோம். எங்கிட்ட வருதுன்னு நெனைக்கட்டும்,” என்றாள்.

அப்படியே செய்தோம். நான் பால் புகட்டும் சங்கைச் சாய்த்துப் பிடிப்பேன். பால் அவள் மார்பில் வழிந்து குழந்தையின் வாய்க்குள் போகும். குழந்தை விடாமல் சப்பும். எங்கள் இருவர் தலையும் இடித்துக்கொள்கிற நெருக்கம். ஆனாலும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இதற்கிடையில் நான் பசித்தபோது ஒழுங்காகச் சாப்பிட்டேன். களியை மட்டும் தொடவில்லை. என் பால் மெல்லத் திரும்பிற்று. ஒவ்வொரு வேளையும் குழந்தைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். தொண்டை அசைகிறதா, விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று.

சாரல் ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள். ரவிக்கை நனைந்திருந்தது. சங்கு இல்லாமலே குழந்தை விழுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சுட்டிக்காட்டினாள். அடுப்படியிலிருந்து அத்தை வந்து குனிந்து பார்த்துவிட்டு, நேராகப் போய் அவளுக்குக் களி கிண்டத் தொடங்கினார்.

அவளுக்கு முழு வயிற்றுக்கான பால் கடைசிவரை ஊறவில்லை. பாதி அவள், பாதி நான் என்று அந்தக் குழந்தை வளர்ந்தது. எனக்குப் பாரம் குறைந்தது. பயமில்லாமல் கணக்காய்ச் சாப்பிட்டேன், நடந்தேன். தை மாதத்தில் பழைய ரவிக்கையை ஓரம் பிரித்துத் தைத்ததும் மறுபடி போட முடிந்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டரம்மா குழல் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

அன்று வாசலில் நின்று கேட்டதைப்பற்றி அவள் பிறகு ஒருபோதும் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் என் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. குறைவாகத் தெரிந்தால் கீரையை அள்ளி வைப்பாள். பிள்ளைகள் பால்குடி மறந்து வருஷக்கணக்கான பிறகும் அது நிற்கவில்லை.