கொதித்தால் ஒளிந்துகொள்ளும் கலங்கல்

அடுத்தவர் மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்க்கிற உத்தியோகம் என்றால், சம்பந்தம் பேச வந்தவர்கள் கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிடுவார்கள். சோதனைச் சாலைகளில் குப்பை கொட்டிய சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாத சங்கதியா? மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றுதான்

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் பழனியப்பனை, அவர் அண்ணன் நல்லமுத்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். தம்பிக்கு ஆறு மாதமாக முதுகெலும்பில் வலி. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்ட முடியவில்லை. அண்ணனோ, "சுத்தச் சோம்பேறித்தனமுங்க" என்றார்.

டாக்டர் சிறுநீர் கேட்டார். பாட்டில் வந்து சேர்ந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். அதட்டிக் கேட்டேன். அண்ணன் அசரவே இல்லை.

"அவன் எந்திரிக்க மாட்டேங்கறானுங்க, நானே புடிச்சுக் குடுத்துட்டனுங்க. ஒரே தாய் வயித்துப் புள்ளைங்கதானுங்களே, ரெண்டும் ஒண்ணுதானுங்க!"

நான் பீடி பற்றவைத்தது

மறுபடி தம்பியுடையதையே வாங்கி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதை வார்டு முழுக்கக் காட்டிவிட்டு, தம்பியைக் கவலை ஓட்டக் கிளப்பினார்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. கிளம்பியவர்களை நிறுத்திவிட்டு, என் பக்கத்திலேயே நின்று, மிச்சமிருந்ததைக் குழாயோடு தண்ணீருக்குள் நிறுத்தி, தெர்மாமீட்டர் வைத்து மெதுவாகச் சூடேற்றச் சொன்னார். ஐம்பது டிகிரி தாண்டியதும் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியது. கொதித்ததும் தெளிந்துவிட்டது. ஆறவைத்தால் திரும்பவும் கலங்கல்! எலும்புக்குள் மஜ்ஜை கெட்டால் இப்படி ஒரு புரோட்டீன் இறங்குமாம். கொதித்த பிறகுதான் நான் குழாயையே பார்த்திருந்தேன். சீ, என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

டாக்டர் கேட்டார்: "நடுவிலே கலங்கினப்போ நீர் என்ன ஓய் பண்ணிக்கிட்டிருந்தீர், விளக்கிலே பீடி பத்தவச்சீரா?"

ஆமாம். அதைத்தான் செய்தேன்.

பழனியப்பன் கேட்டது

இந்த நோய்க்கு மருந்து கிடையாது என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். நல்லமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நான் என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பழனியப்பன் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி.

"அது போச்சாதுங்க, விடுங்க சாமி. அப்ப நான் வேசம் போடலீன்னு ஊருக்குத் தெரிஞ்சுருமுங்களா?"

மனுஷன் ஆறு மாதம் வாய்விட்டுச் சொன்னதை நம்பாதவர்கள் அவன் மூத்திரம் சொன்னதும் நம்பிவிட்டார்கள் பாருங்கள், அதனால்தான் சகோதரர்களே, நம் பிழைப்பு ஓடியது.