வேல்சாமியின் இடது கால்

ஐந்தருவி ரோட்டில் வளைவு திரும்பும்போதுதான் வேல்சாமிக்கு இருமல் வந்தது. சாரல் காலத்தில் பஸ்ஸில் பாதிப்பேர் இருமிக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் இந்த இருமல் தொண்டையிலிருந்து கிளம்பவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ வெதுவெதுவென்று கொப்பளித்து மேலே ஏறியது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே துப்பினார். செக்கச்செவேலென்று விழுந்தது.

கண்டக்டர் ஹபீபுல்லா பின்வாசலிலிருந்து ஓடி வந்தான். “அண்ணாச்சி, வெத்தல போட்டியளா?”

“நான் என்னைக்குலே வெத்தல போட்டேன்?”

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வாய் ரத்தம் வந்துவிட்டது.

அது எண்பத்தைந்தாம் வருடம். தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில் வேல்சாமி டிரைவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இளவயதில் காசநோய் கண்டு, ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்து தேறியவர். அது பழைய கதை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தென்காசி டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, கிருமி எதுவும் இல்லை, ஆறிய புண்ணைச் சுற்றி ரத்தக்குழாய் புடைத்துக் கிடக்கிறது, அதுதான் கசிகிறது என்றார். ஊசி போட்டதும் ரத்தம் நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த கிண்ணம் நிறைந்துபோயிற்று.

“நெஞ்சத் திறந்து ஆபரேஷன் பண்ண இவரு நுரையீரல் தாங்காதும்மா. திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர் திறக்காமலே குழாய அடைக்காராம். உடனே கூட்டிட்டுப் போங்க” என்றார் டாக்டர், வேல்சாமியின் மனைவி குழல்வாய்மொழியிடம்.

ஆரியங்காவு மலைப்பாதையில் அம்பாசிடர் ஏறியது. ஹபீபுல்லா முன்சீட்டில் இருந்தான். பின்சீட்டில் மனைவியின் தோளில் சாய்ந்திருந்த வேல்சாமி மூச்சைக்கூட அளந்து விட்டார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தானாகவே தரையை மிதித்தது. “சும்மா இருங்க, அந்தத் தம்பி ஓட்டுதாருல்லா” என்று அவள் அவர் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள்.

திருவனந்தபுரத்து டாக்டர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசினார். தொடையில் ஊசியளவுக்கு ஒரு துளை போட்டு, மெல்லிய குழாயை ரத்த நாளத்துக்குள்ளேயே நெஞ்சுவரை ஏற்றி, கசிகிற இடத்தைக் கண்டுபிடித்துப் பஞ்சுத் துணுக்குகளை உள்ளே விடுவதாகச் சொன்னார். பஞ்சையும் காட்டினார். காய்ந்த சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக, எடையே இல்லாமல் இருந்தது. கத்தரியால் அதைப் பொடிப்பொடியாக நறுக்கி மருந்து நீரில் ஊறவைத்து உபயோகிப்பார்களாம்.

“ஒண்ணு மட்டும் மறைக்க மாட்டேன்” என்றார் டாக்டர். “அதே ரத்தக்குழாயிலேர்ந்து சிலருக்கு முதுகுத்தண்டுக்கு ஒரு கிளை போகும். துணுக்கு வழி மாறி அதுல போயிட்டா கால் விளங்காமப் போயிடலாம்.”

“அப்படி ஆயிருக்கா சார்?”

“என் கையில இதுவரைக்கும் ஆகலை. ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல முடியாது.”

டாக்டர் போனதும் வேல்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “ஊருக்குப் போவோம். கால் இல்லாத டிரைவர் எவனுக்கு வேணும்?”

குழல்வாய்மொழி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “கால் போச்சுன்னா நான் தூக்கிச் சுமக்குதேன். மறுபடி அன்னைக்கு மாதிரி ரத்தம் வந்தா நான் எதத் தூக்க? சொல்லுங்க.”

அவர் எழுந்து உட்கார்ந்து, சம்மதத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. தொடையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். குளிரடித்த அறையில், பெரிய எக்ஸ்ரே எந்திரத்துக்கு அடியில், கண்ணை விழித்துக்கொண்டே கிடந்தார். ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான மையைச் செலுத்தியபோது நெஞ்சுக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல் எரிந்தது. பக்கத்துத் திரையில் வேர் மாதிரி கறுப்புக் கோடுகள் ஓடின. டாக்டர் வெகுநேரம் அதையே பார்த்தார். “முதுகுக்குப் போற கிளை எதுவும் தெரியலை. ஆரம்பிக்கறேன்.”

ஒவ்வொரு முறை சிரிஞ்சை அழுத்தும்போதும், “காலை அசைங்க” என்றார். வேல்சாமி அசைத்தார். மறுபடி மருந்து, மறுபடி “அசைங்க”. அதற்கடுத்த முறை வலது கால் அசைந்தது. இடது கால், ஈரமணல் மூட்டையைக் கட்டிவிட்டதுபோல் கனத்துக் கிடந்தது.

“சார், இடது கால்...”

டாக்டரின் கை அப்படியே நின்றது. குழாயைச் சட்டென்று வெளியே எடுத்தார்கள். தொடையில் விரலை வைத்து அழுத்தினார்கள்.

ரத்தம் அன்றோடு நின்றுவிட்டது. கால் வரவில்லை. டாக்டர் காலையும் மாலையும் வந்து உள்ளங்காலில் சாவியால் கோடு கிழித்துப் பார்த்தார். அவர் முகத்தை வேல்சாமி பார்க்க மாட்டார். குழல்வாய்மொழி பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவள் துண்டை வெந்நீரில் நனைத்து இடது காலைத் துடைக்கும்போது, “சுடுது, மெதுவா” என்றார். அவள் துண்டைக் கீழே போட்டுவிட்டு நர்சைக் கூப்பிட ஓடினாள்.

பிறகு கட்டை விரல் அசைந்தது. ஊருக்கு வந்து, சுவரைப் பிடித்து நடந்து, கம்பு ஊன்றி நடந்து, ஐப்பசி மழையில் கம்பில்லாமல் நடந்தார். முதலாளி, “வண்டி உமக்காகத்தான் நிக்குது” என்று ஆள் அனுப்பினார். வேல்சாமிக்குத் துணிச்சல் வரவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகையில் கால் ஏமாற்றிவிட்டால்?

கடைசியில் ஒரு மத்தியானம், ஆளில்லாத பஸ்ஸை எடுத்தார். கூட ஹபீபுல்லா மட்டும். இடது காலால் கிளட்சை மிதித்தார், கால் நடுங்கியது, ஆனால் மிதித்தது. ஐந்தருவி ரோட்டு வளைவில் வேர்த்துக் கொட்டியது. வழியில் கைகாட்டியவர்களை எல்லாம், “ஸ்பெஷல் வண்டி, ஸ்பெஷல் வண்டி” என்று ஹபீபுல்லா விரட்டிக்கொண்டே வந்தான்.

செங்கோட்டையில் எஞ்சினை அணைத்தபிறகும் வேல்சாமி இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தார்.

“அண்ணாச்சி, திரும்பும்போது ஆள ஏத்தலாமா?”

“இன்னைக்கு வேண்டாம்லே” என்றார் வேல்சாமி. “நாளைக்குப் பாப்போம்.”